விண்வெளிப் பயணமும் விலங்குகளின் சிறுநீரகமும்

உயிரினங்கள் முதற்கட் கடலிலே தோன்றிக் காலகதியில் நிலத்துக்கு ஏறியவை என்பது உயிரியலாளர் துணிபு. நிலத்துக்கு வந்தபோது அவை கடலை முற்றாகக் கைவிட்டு வரவில்லை. உவர்நீர் ஒரு சிறிதைத் தம் உடலினுள்ளே கொண்டு வந்தன. உடலின் கலங்கள் ஒவ்வொன்றையும் சூழ்ந்து நிற்பதும் குருதியாய் ஓடுவதும் அந்நீரே. இதன் அளவு கூடினும் தீங்கு; குறையினும் தீங்கு. இதிற் கரைந்துள்ள உப்புக்களின் செறிவு சிறிது பிறழினும் மூளையும் இதயமும் தடுமாறும். இவ்வுள்நீரின் அளவையும் செறிவையும் இராப்பகலாகக் காத்து நிற்கும் உறுப்பே சிறுநீரகமாகும். அது கழிவை அகற்றும் உறுப்பு மாத்திரமே என்று கருதுதல் அதன் தொழிலிற் பாதியை மறந்ததாய் முடியும்.

இவ்வுறுப்பு ஆக்கம் பெற்ற காலமெல்லாம் ஒரு விசை அதனை விட்டு நீங்கியதில்லை. அது புவியீர்ப்பு. உடலிலுள்ள நீர் முழுவதும் அவ்விசையாற் கீழ்நோக்கி இழுக்கப்படுகின்றது. இதயமும் குருதிக்கலன்களும் ஓமோன்களும் அவ்விழுவைக்கு எதிராகத் தொழிற்படப் பழகியுள்ளன. மாறாத இவ்விசையின் விளைவை அறிதற்கு அதனை நீக்கிப் பார்த்தல் வேண்டும். 1957 ஆம் ஆண்டு வரை நெடுநேரத்துக்கு அவ்வாறு செய்தல் இயலாதிருந்தது. செயற்கைக் கோள்கள் விண்ணேறிய பின்னரே அது கைகூடியது. ஈண்டுப் புவியீர்ப்பு நீங்கியது என்பதை உள்ளவாறு விளங்கிக்கொள்ளல் வேண்டும். நானூறு கிலோமீற்றர் உயரத்திலும் புவியீர்ப்பு நிலத்தில் உள்ளதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்களவு உண்டு. ஆயின், கலமும் அதனுள் இருப்பனவும் ஒருங்கே இடையறாது வீழ்ந்துகொண்டே பூமியைச் சுற்றுதலின், ஒன்றை ஒன்று அழுத்துவதில்லை. எடையின்மை எனப்படுவது இந்நிலையே.

எடையின்மையில் விலங்குகளின் சிறுநீரகத்துக்கும், அதனை ஏவும் ஓமோன்களுக்கும் நேர்வன யாவை என்னும் வினா அறுபது ஆண்டுக்கு மேலாக ஆராயப்பட்டு வருகின்றது. அவ்வாராய்ச்சியின் வரலாறு, நன்றாக நிறுவப்பட்டது எனக் கருதப்பட்ட ஒரு விளக்கம் சான்றின் முன் எவ்வாறு தளர்ந்தது என்பதைக் காட்டும் வரலாறுமாகும்.

சிறுநீரகமும் அதன் ஏவலரும்

மனிதனின் சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 இலட்சம் சிறுநீரகத்திகள் உள. எலியின் சிறுநீரகத்தில் அவை ஏறக்குறைய 30,000. ஒவ்வொரு சிறுநீரகத்தியின் தலைப்பிலும் நுண்ணிய குருதிமயிர்க்குழாய்களாலாகிய ஒரு பந்து உண்டு. இதயத்திலிருந்து வெளிப்படும் குருதியில் ஐந்திலொரு பங்குக்குக் குறையாதது சிறுநீரகங்களுக்குச் செல்கின்றது. அங்கே குருதியின் அமுக்கத்தால் நீரும் சிறு மூலக்கூறுகளும் வடிந்து குழலுருவினுட் புகுகின்றன. மனிதனில் இவ்வாறு நாளொன்றுக்கு வடிவது 180 இலீற்றர். சிறுநீராக வெளியேறுவதோ ஏறக்குறைய ஒன்றரை இலீற்றர் மாத்திரமே. எஞ்சியது முழுவதும் குழலுருவின் வழியே செல்லும்போது குருதிக்கு மீட்கப்படுகின்றது. ஆகவே, சிறுநீரின் அளவை இரண்டு செய்திகள் தீர்மானிக்கின்றன: எவ்வளவு வடிகின்றது என்பது ஒன்று, வடிந்ததில் எவ்வளவு மீட்கப்படுகின்றது என்பது மற்றையது. இவ்விரண்டையும் வேறுபிரித்து நோக்காதவிடத்துப் பின்னர்க் கூறப்படுவன மயக்கம் தருவனவாகும்.

மீட்புத் தொழிலை ஏவுவன ஓமோன்கள். அவற்றுள் முதன்மையானது சிறுநீர்ப்பெருக்கைத் தடுக்கும் ஓமோன். வசோபிரசின் என்பது அதன் மறுபெயர். ஒன்பது அமினோ அமிலங்களாலாகிய இச்சிறு மூலக்கூறு, மூளையின் பரிவகக்கீழ்ப் பகுதியில் ஆக்கப்பட்டு, நரம்பிழைகளின் வழியே இறங்கி, கபச்சுரப்பியின் பின்பகுதியிற் சேமிக்கப்படுகின்றது. இதன் அமைப்பை வகுத்துச் செயற்கையாக ஆக்கிய வின்சன்ற் டு விக்னோ என்னும் அமெரிக்க இரசாயனவியலாளர் 1955 இல் நோபெற் பரிசு பெற்றார். இவ்வோமோன் எப்போது சுரக்கின்றது என்பதை நாய்களைக் கொண்டு விளக்கியவர் ஆங்கில உடற்றொழிலியலாளரான வேர்ணி ஆவர். நீர் நிரம்ப அருந்திய நாயின் தலைக்குக் குருதி கொண்டு செல்லும் கழுத்து நாடியினுள் அவர் உப்புக்கரைசலைச் செலுத்தினார். பெருகிக்கொண்டிருந்த சிறுநீர் சுருங்கியது. குருதியின் பிரசாரண அமுக்கம் நூற்றுக்கு ஏறக்குறைய 2 பங்கு உயர்ந்தமையே அதற்குப் போதுமாயிருந்தது. 1947 இல் அவர் இம்முடிபுகளை வெளியிட்டார்.

ஓமோன் சிறுநீரகத்தை அடைந்ததும் அங்கு நிகழ்வது பிற்காலத்தே தெளிவாயிற்று. சேர்க்கும் கான்களின் சுவர்க்கலங்களினுள் நீர் செல்லும் நுண்வாயில்களாகிய புரதங்கள் ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளன. ஓமோனின் செய்தி கிடைத்ததும் அவ்வாயில்கள் கலத்தின் மேற்பரப்புக்கு நகர்ந்து பொருந்துகின்றன. நீர் அவற்றினூடாகக் குருதிக்குத் திரும்புகின்றது. இத்தகைய நீர்வாயிற் புரதங்களைக் கண்டறிந்தமைக்காகப் பீற்றர் ஏகர் என்பார் 2003 இல் நோபெற் பரிசைப் பகிர்ந்து பெற்றார். எனவே, ஓமோன் குறைந்தாலும் சிறுநீர் பெருகும். ஓமோன் போதிய அளவு இருந்தும் சிறுநீரகம் அதற்குச் செவிசாயாவிடினும் சிறுநீர் பெருகும். நோய் ஒன்றே போலத் தோன்றும், காரணமோ வேறு.

ஏனை ஏவலர் இருவரையும் சுருக்கமாக அறிதல் போதும். குருதியின் அமுக்கம் குறையுமிடத்துச் சிறுநீரகம் தானே றெனின் என்னும் நொதியத்தை வெளிவிட, அதன் வழியாக அதிரீனற் சுரப்பி அல்டோஸ்தெரோன் என்னும் ஓமோனைச் சுரந்து சோடியத்தை மீட்பிக்கின்றது. இதற்கு எதிராக, இதயத்தின் சோணையறைகள் விரியுமிடத்து வேறோர் ஓமோன் அவற்றிலிருந்து வெளிப்பட்டுச் சோடியத்தையும் நீரையும் வெளியேற்றுகின்றது. இதயம் ஓர் ஓமோனைச் சுரக்கும் என்னும் வியத்தகு செய்தியை 1981 இல் எலிகளைக் கொண்டு வெளிப்படுத்தியவர் கனடாவில் ஆராய்ச்சி செய்த டி போல்ட் என்பவர்.

நாயின் இதயத்தினின்று எழுந்த ஒரு கொள்கை

1956 ஆம் ஆண்டில் என்றி, கோவர், றீவ்சு என்னும் மூவர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். மயக்கமூட்டப்பட்ட நாயின் இடது சோணையறையினுள் ஒரு சிறு பலூனைப் புகுத்தி, அதனைக் காற்றடித்து விரித்தபோது நாயின் சிறுநீர் பெருகிற்று. கழுத்தின் வழியே செல்லும் அலையு நரம்பைக் குளிரூட்டி அதன் கடத்தலைத் தடுத்தபோது அவ்விளைவு மறைந்தது. இதனின்றும் ஒரு கருத்து உருவாயிற்று. சோணையறை, உடலிலுள்ள குருதியின் அளவை அறியும் ஓர் அளவுகோல். அது விரியுமாயின் குருதி மிகுந்துவிட்டது என்னும் செய்தி மூளைக்குச் செல்லும். மூளை வசோபிரசினைக் குறைக்கும். சிறுநீரகம் மிகையான நீரைப் போக்கும்.

இக்கருத்து விண்வெளி ஆராய்ச்சிக்கு மிகவும் பொருந்துவதாய்த் தோன்றியது. நிலத்தில் நிற்கும் மனிதனின் குருதியும் உடல்நீரும் கால்களை நோக்கி இழுக்கப்படுகின்றன. எடையின்மையில் அவ்விழுவை நீங்குதலின், அந்நீர் மார்புக்கும் தலைக்கும் ஏறும். விண்வெளி வீரரின் முகம் வீங்கியும் கால்கள் மெலிந்தும் தோன்றுவது இதனாலேயாம். மார்பிலே குருதி மிகுந்தாற் சோணையறை விரியும், வசோபிரசின் குறையும், சிறுநீர் பெருகும், உடல்நீர் குறையும். இவ்விளக்கம் ஒரு கணிதத் தேற்றம் போலப் படிப்படியாகச் செல்வது. ஆதலின், விண்ணில் அதனைச் சோதித்துப் பார்க்கு முன்னரே பலரும் அதனை ஏற்றுக்கொண்டனர்.

விண்ணேறிய விலங்குகள்

1957 நவம்பர் 3 ஆம் தேதி ஸ்புட்னிக் 2 இல் ஏறிய இலைக்கா என்னும் நாயே பூமியைச் சுற்றிய முதல் விலங்கு. அதனை மீட்டுக் கொணர்தற்கு அக்கலத்தில் வழி செய்யப்படவில்லை. 1960 ஓகத்து மாதத்திற் பெல்கா, ஸ்திரெல்கா என்னும் நாய்கள் எலிகளுடனும் சுண்டெலிகளுடனும் ஒரு நாள் பூமியைச் சுற்றி உயிருடன் மீண்டன. ஒரு நாட் பயணம் சிறுநீரகத்தின் மாற்றங்களை அறிதற்குப் போதாது. 1966 பெப்ரவரி 22 இல் ஏவப்பட்ட கொஸ்மொஸ் 110 இல் வெத்திரொக், உகொலியொக் என்னும் இரு நாய்கள் ஏறக்குறைய 22 நாட்கள் விண்ணில் இருந்தன. திரும்பியபோது அவை உடல்நீர் குன்றியும் எடை குறைந்தும் தசை நலிந்தும் காணப்பட்டன. மேற்கூறிய கொள்கையை ஏற்றவர்களுக்கு இது எதிர்பார்த்த செய்தியே.

அதனினும் துயரமான சான்று 1969 இற் கிடைத்தது. அவ்வாண்டு யூன் மாத இறுதியில் அமெரிக்கர் பயோசற்றலைற்று 3 என்னும் கலத்திற் பொனி என்னும் மக்காக்குக் குரங்கை 30 நாட் பயணத்துக்காக ஏவினர். அதன் சிறுநீரைக் கலத்திலேயே தாமாகப் பகுத்து, கல்சியம், கிரியேற்றின், கிரியேற்றினின் ஆகியவற்றை அளக்கும் கருவியும் அமைக்கப்பட்டிருந்தது. ஆயின், நாட்கள் செல்லச்செல்ல குரங்கின் நிலை சீர்கெட்டது. ஒன்பதாம் நாளே கலம் இறக்கப்பட்டது. மீட்கப்பட்ட சில மணிநேரத்துள் குரங்கு இறந்தது. அதன் உடல் நீரைப் பெரிதும் இழந்திருந்தமை அறியப்பட்டது. எடையின்மையால் மார்பிற் குருதி தேங்க, உடல் நீரைக் கழித்துவிட்டது என்று ஒரு சாரார் விளக்கம் கூறினர். இருக்கையிற் கட்டுண்டு, உடலெங்கும் கருவிகள் பொருத்தப்பட்டுத் தனித்திருந்த ஒரு விலங்கின் சாவுக்கு எடையின்மையையே காரணமாகக் காட்டல் தகுமோ என்று மற்றொரு சாரார் வினவினர். ஒரே விலங்கைக் கொண்டு செய்த சோதனை ஆதலின், இவ்விரு கூற்றுக்களுள் எது சரியென அதனாலேயே தீர்மானிக்க முடியவில்லை. ஒப்பு நோக்குதற்கு வேறு விலங்குகள் இல்லாத சோதனை பெரும்பாலும் வினாவை எழுப்புமேயன்றி விடையைத் தருவதில்லை.

எலிகள் கூறிய சான்று

இக்குறையை நீக்கும் நோக்கத்தோடு சோவியத்து நாடு 1973 முதற் பயோன் வரிசைக் கலங்களில் எலிகளைக் கூட்டமாக ஏவத் தொடங்கிற்று. 1975 இல் ஏவப்பட்ட கொஸ்மொஸ் 782 முதல் அமெரிக்க அறிஞரும் இவ்வாராய்ச்சிகளிற் பங்குகொண்டனர். இரு வல்லரசுகளும் பகைமை பாராட்டிய அக்காலத்தில், ஒரு நாட்டின் கலத்தில் ஏறிய எலிகளின் இழையங்களை மற்றைய நாட்டின் ஆய்வுகூடங்கள் பகுத்தமை அறிவியல் வரலாற்றிற் குறிப்பிடத்தக்கது.

இச்சோதனைகளின் சிறப்பு ஒப்பு நோக்கலிலேயே தங்கியிருந்தது. விண்ணேறிய கூட்டத்தோடு, சாதாரண கூடுகளில் வளர்ந்த ஒரு கூட்டமும், விண்கலத்தின் அதே உணவு, அதே வெப்பநிலை, ஏவுதலின் அதே அதிர்வு ஆகியவற்றை நிலத்திலே பெற்ற மற்றொரு கூட்டமும் வைக்கப்பட்டன. 1977 இற் சென்ற கொஸ்மொஸ் 936 இல் ஒருபடி மேற்சென்று, விண்ணிலேயே ஒரு சுழல்பொறி அமைக்கப்பட்டது. அதிற் சுழன்ற எலிகள் நிலத்தில் உள்ள அளவுக்கு ஒத்த செயற்கை ஈர்ப்பைப் பெற்றன. விண்ணேறிய எலிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான மாற்றம் விண்பயணத்தின் பிற இன்னல்களால் ஆயது. சுழலாத எலிகளில் மாத்திரம் காணும் மாற்றமே எடையின்மையால் ஆயது. 2016 இற் சர்வதேச விண்வெளி நிலையத்தில் யப்பானியர் 12 சுண்டெலிகளை இரு கூறாக்கி, ஒரு கூற்றைச் சுழலச் செய்து 35 நாட்கள் வைத்திருந்து உயிருடன் மீட்டதும் இதே நெறியைப் பின்பற்றியேயாம்.

ஓமோனைப் பற்றிய முக்கியமான சான்று 1987 இலும் 1989 இலும் கிடைத்தது. கொஸ்மொஸ் 1887, கொஸ்மொஸ் 2044 ஆகிய கலங்களில் ஏறக்குறைய இரு கிழமை சென்று மீண்ட எலிகளின் கபச்சுரப்பியின் பின்பகுதி பகுக்கப்பட்டபோது, அங்கே சேமிப்பில் இருந்த வசோபிரசினும் அதனோடு ஒத்த ஒட்சிரோசினும் நிலத்திலிருந்த எலிகளினும் குறைந்து காணப்பட்டன.

இச்சான்றை எவ்வாறு பொருள்கொள்வது? களஞ்சியத்தில் நெல் குறைந்திருப்பின் அதற்கு இரண்டு காரணங்கள் இருத்தல் கூடும்: விளைச்சல் குன்றியிருக்கலாம், அன்றி, நெல் மிகுதியாக எடுத்துச் செலவிடப்பட்டிருக்கலாம். கபச்சுரப்பியில் ஓமோன் குறைந்தமைக்கும் இவ்வாறே இரு பொருள் உண்டு. எடையின்மையில் உடல் இவ்வோமோனை வேண்டாமையால் ஆக்கம் குறைந்தது எனின், அது நாயின் இதயத்திலிருந்து எழுந்த கொள்கைக்கு உடன்பாடாகும். நீர்வேட்கையாலோ தரையிறங்கும்போது உண்டான அச்சத்தாலோ ஓமோன் மிகுதியாகக் குருதியிற் சொரியப்பட்டுச் சேமிப்பு வறிதாயிற்று எனின், அது அக்கொள்கைக்கு நேர்மாறாகும். சேமிப்பை மாத்திரம் அளந்து இவ்விரண்டுள் ஒன்றைத் தேர்தல் இயலாது. குருதியிலுள்ள அளவும், சிறுநீரில் வெளியேறும் அளவும், கலத்தினுள் ஆக்கம் நிகழும் வேகமும் ஒருங்கே அறியப்படுதல் வேண்டும்.

இங்கு மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. பயோன் கலங்களின் எலிகள் விண்ணிலன்றித் தரையிறங்கிய பின்னரே அறுத்துப் பார்க்கப்பட்டன. கொஸ்மொஸ் 1887 குறித்த இடத்திலன்றி நெடுந்தூரம் விலகி இறங்கியமையால் எலிகளைப் பகுத்தல் பெரிதும் தாமதமாயிற்று. அதற்குள் அவை மீண்டும் புவியீர்ப்பை உணர்ந்தன; பசியும் குளிரும் உற்றன. வசோபிரசினோ சில நிமிடங்களிற் கூடிக் குறையும் இயல்பினது. ஆதலின், அவ்வாறு பெறப்பட்ட அளவு விண்ணின் நிலையைக் காட்டுகின்றதா, தரையிறங்கிய நிலையைக் காட்டுகின்றதா என்பதை அறிதல் கடினம். கொஸ்மொஸ் 2044 இல் எலிகள் இறங்கிய சில மணிநேரத்துள் பகுக்கப்பட்டமையாற் சான்று ஓரளவு தெளிவு பெற்றது. 1993 இல் அமெரிக்க விண்ணோடத்தில் எலிகள் சில விண்ணிலேயே அறுத்துப் பகுக்கப்பட்டன. இத்தகைய செயல் அதுவே முதன்முறை.

எலியின் சிறுநீரைச் சேகரித்தலும் எளிதன்று. நிலத்தில் அது கூட்டின் அடித்தட்டிலுள்ள பாத்திரத்தில் வீழும். விண்ணில் வீழ்தல் என்பதே இல்லை. துளிகள் மிதந்து திரியுமாதலால், விசிறிகளாற் காற்றை ஒருபுறமாகச் செலுத்தி அவற்றை வடிதட்டுக்களிற் சேரச் செய்ய வேண்டியிருந்தது. அவ்வாறு சேர்ந்து உணவுத்துகளோடும் மலத்தோடும் கலந்த நீரை அளந்து பயன் கொள்வது அரிது. ஆகவே, மீண்ட விலங்குகளுக்குக் குறித்த அளவு நீரையோ உப்பையோ புகட்டி, அதனை எவ்வளவு நேரத்தில் வெளியேற்றுகின்றன என்று அளக்கும் சுமைச்சோதனைகள் கையாளப்பட்டன. ஓய்ந்திருக்கும் உறுப்பிற் புலப்படாத குறை, பணி சுமத்தப்படும்போது புலப்படும் என்பதே இச்சோதனையின் அடிப்படை.

கொள்கையின் தளர்ச்சி

நாயில் உண்மையாயிருந்தது ஏனை விலங்குகளிலும் உண்மையா என்னும் வினா நிலத்திலேயே எழுந்தது. 1978 இற் கில்மோர், சக்கர் என்னும் இரு அமெரிக்கர் குரங்கின் இடது சோணையறையை விரித்துப் பார்த்தனர். சிறுநீரகத்தின் தொழிலில் மாற்றம் நிகழவில்லை. நாயில் வலிமையாயிருந்த அத்தெறிவினை குரங்கினத்தில் வலிமையற்றது என்பது இதனாற் பெறப்பட்டது. நிமிர்ந்து இருக்கும் விலங்கில் எழுந்து அமரும்போதெல்லாம் சோணையறையின் குருதி கூடிக் குறையும். ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் அதற்கு விடையளிக்குமாயின் உடல்நீர் நிலைபெறாது. ஆதலின், இவ்வேறுபாடு பொருத்தமுடையதே எனக் கருதுதற்கு இடமுண்டு.

இறுதித் தீர்ப்பு விண்ணிலிருந்தே வந்தது. 1991 இலும் 1993 இலும் விண்ணோடத்திற் சென்ற உயிர் அறிவியல் ஆய்வுகூடங்களில் வீரர் எழுவரின் உடல்நீர், குருதி, சிறுநீர், ஓமோன்கள் ஆகியன பயணத்தின்போதே அளக்கப்பட்டன. ஏவிய 21 மணிநேரத்தில் அவர்களது குருதித் திரவவிழையம் குறைந்திருந்தது உண்மை. ஆயின், சிறுநீர் பெருகவில்லை. முதல் நாட்களில் அது குறையவே செய்தது. வசோபிரசினின் வெளியேற்றம் குறையவில்லை; உயர்ந்தது. விரிந்த சோணையறையிலிருந்து மிகுதியாக வரவேண்டிய இதய ஓமோன், பயணத்தின்போது முன்னையிலும் தாழ்ந்தே நின்றது. உடலின் மொத்த நீர் குறிப்பிடத்தக்கவாறு மாறவில்லை. அங்ஙனமாயிற் குருதியின் நீர் சென்றது எங்கே? அது சிறுநீராகக் கழியவில்லை. கலங்களினுட் புகுந்தது என்பதே ஆராய்ந்தோர் கண்ட விடை. இவற்றோடு, சிறுநீரகத்தின் வடிகட்டல் வீதம் உயர்ந்திருந்ததும் அறியப்பட்டது. வடிதல் கூடியும் சிறுநீர் கூடாமைக்குக் காரணம் மீட்பும் கூடியமையே.

கொள்கையின் கண்ணிகள் ஒவ்வொன்றும் இவ்வாறு தளர்ந்தன. நீர் மேனோக்கி ஏறுவது உண்மையாக நின்றது. அதன்பின் வரும் படிகள் நிலைபெறவில்லை. படிப்பதற்கு எளிதாகவும் தருக்கத்துக்கு இசைவாகவும் இருக்கும் விளக்கம் மெய்யாயிருத்தல் வேண்டும் என்பது நியதியன்று.

விலங்குகளைக் கொண்டு பெறும் முடிபுகளை மனிதனுக்கு ஏற்றும்போது கொள்ளவேண்டிய எச்சரிக்கையும் இதனாற் புலப்படும். எலி நான்கு கால்களில் நிற்கும் சிறு விலங்கு. அதன் உடலில் நெடுக்காக நிற்கும் குருதிநிரல் மிகவும் குறுகியது. ஆகையால், எடை நீங்கியபோது அதன் உடலில் நீர் இடம்பெயர்வது மனிதனிற் போல் பெரிதாயிருத்தல் இயலாது. இக்குறையை ஈடுசெய்தற்கே, எலியின் உடலைத் தாங்கிப் பின்கால்கள் நிலத்திற் படாமலும் தலை தாழ்ந்தும் இருக்குமாறு நிறுத்தும் முறையை அமெரிக்காவில் எமிலி மோறி-ஓல்ற்றன் என்னும் ஆராய்ச்சியாளர் 1979 இல் வெளியிட்டார். விண்ணேறாமலே விண்ணின் விளைவுகள் சிலவற்றை ஆராய்தற்கு அம்முறை உலகெங்கும் இன்றும் கையாளப்படுகின்றது. எனினும், எலி தரும் விடை எலிக்கு உரியது. அது மனிதனுக்கும் உரியதா என்பது வேறாக நிறுவப்படல் வேண்டும்.

கல்சியமும் கல்லும்

நீரைப் பற்றிய கொள்கை தளர்ந்தமையாற் சிறுநீரகத்துக்கு விண்ணில் இடையூறில்லை என்று கொள்ளலாகாது. இடையூறு வேறொரு வழியாக வருகின்றது. உடலின் எடையைத் தாங்காத என்பு தன் கல்சியத்தை இழக்கின்றது. இழந்த கல்சியம் குருதியிற் கலந்து சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகின்றது. நீரும் குறைவாக அருந்தப்படுமாயிற் சிறுநீர் செறிவுறும். கல்சியம் ஒட்சலேற்றோடும் பொசுபேற்றோடும் கூடிப் பளிங்காகும். பளிங்கு வளர்ந்து கல்லாகும். விண்வெளி நிலையத்தில் வீரருக்குப் பொற்றாசியம் சித்திரேற்றை அளித்துச் செய்த சோதனையில் கல் உண்டாகும் ஏது குறைந்தமை 2009 இல் வெளியிடப்பட்டது. சித்திரேற்று கல்சியத்தைத் தன்னோடு பிணைத்துக்கொள்வதே அதற்குக் காரணம்.

நெடுங்காலம் இவ்விளக்கத்திற் சிறுநீரகம் குற்றமற்ற உறுப்பாகவே கருதப்பட்டது. குற்றம் என்பினது, சிறுநீரகம் வந்ததைக் கழிப்பது மாத்திரமே என்று கொள்ளப்பட்டது. 2024 இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினரின் தலைமையிற் பல நாட்டு அறிஞர் வெளியிட்ட பேராய்வு இக்கருத்தையும் திருத்தியது. பூமியை அண்மித்துச் சுற்றிய நாற்பதுக்கு மேற்பட்ட பயணங்களின் மனித, சுண்டெலிச் சான்றுகளும், நிலத்தில் எலிகளையும் சுண்டெலிகளையும் கொண்டு செய்த போலிச் சோதனைகள் பதினொன்றும் அதில் ஒருங்கு நோக்கப்பட்டன. சிறுநீரகத்தியிற் கல்சியத்தையும் உப்பையும் நுட்பமாகச் சீர்செய்யும் சேய்மைக் குழலுருப் பகுதி, ஒரு மாதத்துக்கும் குறைந்த விண்வாழ்வின் பின்னரே சுருங்குதற்கான அறிகுறிகளைக் காட்டிற்று. அன்றியும், உப்பைக் கடத்தும் புரதங்களிற் பொருந்தியிருக்கும் பொசுபேற்றுக் கூட்டங்கள் நீங்கியிருந்தன. அக்கூட்டம் பொருந்தியிருப்பின் புரதம் தொழிற்படும், நீங்கின் ஓயும். ஆகவே, கல் உண்டாதற்கு என்பிலிருந்து வரும் கல்சியம் மாத்திரம் காரணமன்று. சிறுநீரகமே உப்புக்களைக் கையாளும் முறை மாறிவிடுவதும் காரணமாகும் என்பது அவ்வாய்வின் முடிபு.

அதனினும் கவலைக்குரியது அண்டக்கதிர்வீசலின் விளைவு. பூமியை அண்மித்துச் சுற்றும் கலங்களைப் பூமியின் காந்தமண்டலம் பெரும்பாலும் காத்துநிற்கின்றது. செவ்வாயை நோக்கிச் செல்லும் கலத்துக்கு அக்காப்பு இல்லை. ஒன்றரை ஆண்டு முதல் இரண்டரை ஆண்டு வரை நீடிக்கும் செவ்வாய்ப் பயணத்திற் பெறக்கூடிய கதிர்வீசலுக்கு ஒத்த அளவை நிலத்திலேயே சுண்டெலிகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது, அவற்றின் சிறுநீரகம் நிலையான சேதமுற்றுத் தொழில் இழந்தது. சுண்டெலிக்குச் சிறிது நேரத்திற் செலுத்தப்பட்ட கதிர்வீசலும், மனிதன் ஆண்டுக்கணக்காக மெல்லமெல்லப் பெறும் கதிர்வீசலும் ஒரே விளைவைத் தருமா என்பது தனியே ஆராயப்படவேண்டியது. எனினும், செவ்வாய்க்குச் செல்வோர் இவ்வெச்சரிக்கையைப் புறக்கணித்தல் இயலாது. சிறுநீரகம் பெரிதும் பழுதுறும் வரை நோயை வெளிக்காட்டாத உறுப்பு. பாதி வழியிற் பழுதுற்றாற் பூமிக்கு மீள்தற்கு மாதங்கள் பல செல்லும்.

முடிவுரை

இவ்வாராய்ச்சிகளாற் பெறப்பட்டவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று செய்திகள் தெளிவாகும். முதலாவது, எடையின்மையிற் குருதியின் நீர் குறைவது மெய். அது சிறுநீர்ப் பெருக்கால் நிகழ்வதன்று. இரண்டாவது, ஓமோனின் அளவை மாத்திரம் கொண்டு உறுப்பின் நிலையைத் தீர்மானித்தல் ஆகாது. ஓமோனின் ஆக்கம், சேமிப்பு, வெளிப்பாடு, உறுப்பு அதற்கு இணங்கும் திறன் ஆகிய நான்கும் வேறுவேறாக அறியப்படல் வேண்டும். மூன்றாவது, சிறுநீரகம் விண்ணின் விளைவுகளை ஏற்று நிற்கும் உறுப்பு மாத்திரமன்று. தன் அமைப்பிலேயே மாறுவதும் ஆகும்.

இவ்வறிவு விண்வெளி வீரர் சிலருக்கே பயன்படுவது என்று எண்ணற்க. நோயினால் மாதக்கணக்காகப் படுக்கையிற் கிடப்போரின் என்பும் கல்சியத்தை இழக்கின்றது. அவர்களுக்கும் சிறுநீரகக் கல் உண்டாகின்றது. கதிர்வீசலாற் சிகிச்சை பெறும் நோயாளியின் சிறுநீரகத்தைக் காக்கும் வழி அறியப்படுமாயின், அது மருத்துவமனைகளிலும் பயன்படும். விண்ணில் இரு கிழமையில் நிகழ்வது நிலத்திற் பல ஆண்டுகளில் மெல்ல நிகழ்வதை விரைவாகக் காட்டும் கண்ணாடி போன்றது.

இவற்றையெல்லாம் அறிதற்கு நாய்களும் குரங்குகளும் எண்ணற்ற எலிகளும் தம் உயிரைக் கொடுத்தன. அவற்றுட் சில பயனுள்ள விடையைத் தந்தன. பொனி போன்றவை வினாவை மாத்திரம் விட்டுச் சென்றன. விலங்கின் உயிரைப் பெற்றுச் செய்யும் சோதனை, ஐயத்துக்கு இடமின்றி விடையளிக்குமாறு முன்னரே திட்டமிடப்படல் வேண்டும் என்பதும், ஒப்பு நோக்கும் கூட்டமின்றி ஒரு விலங்கையும் விண்ணேற்றலாகாது என்பதும் அவ்விழப்பாற் கற்ற பாடங்கள். பிற்காலத்து ஆராய்ச்சியாளர் அவற்றைக் கற்றுக்கொண்டமையாலேயே, நாயின் இதயத்தினின்று எழுந்த கொள்கையைத் திருத்தவும் சிறுநீரகத்தின் உண்மை நிலையை அணுகவும் அவர்களுக்கு இயன்றது.